உங்களுக்குத் தெரியுமா? மலாக்காவிலிருந்து திருச்சி எவ்வளவு தூரம்?

ஜாசின், அலோர் காஜா, மெர்லிமாவ் பக்கத்துக் குடும்பங்களில் "ஊருக்குப் போய்வந்தோம்" என்று யாராவது சொன்னால், பெரும்பாலும் திருச்சி விமானத்தைத்தான் சொல்கிறார்கள். டிக்கெட் விலை, எத்தனை கிலோ பெட்டி, எந்த மாதத்தில் மலிவு எல்லாம் மனப்பாடம். நடுவே கிடக்கும் தூரத்தையும் நேரத்தையும் பற்றித்தான் நாம் அதிகம் பேசுவதில்லை. இந்த முறை அதைப் பற்றியே எழுதுகிறேன். வீட்டில் பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் ஒரு வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு சேர்ந்து படியுங்கள்.

● பத்து பெரண்டாமில் இருக்கும் மலாக்கா விமான நிலையத்திலிருந்து திருச்சிக்கு நேர்கோட்டில் சுமார் 2,765 கிலோமீட்டர். சிப்பாங்கில் இருக்கும் கே.எல்.ஐ.ஏ.விலிருந்து சுமார் 2,690 கிலோமீட்டர். இரண்டுக்கும் வித்தியாசம் 75 கிலோமீட்டர்தான். ஜெட் விமானம் அதை 6 நிமிடத்துக்குள் கடந்துவிடும். ஆனால் மலாக்கா சென்ட்ரலில் பஸ் ஏறி சிப்பாங் போய்ச் சேர நமக்கு ஏறக்குறைய 2 மணி நேரம் ஆகிறது. விமானத்தில் போகும் நேரத்தில் பாதியைச் சாலையிலேயே கொடுத்துவிடுகிறோம்.

பத்து பெரண்டாம் ஓடுபாதையின் நீளம் 2,135 மீட்டர். திருச்சியில் 2,480 மீட்டர். கே.எல்.ஐ.ஏ.வில் ஒவ்வொரு ஓடுபாதையும் ஏறக்குறைய 4 கிலோமீட்டர். நம் விமான நிலையத்தில் விமானிப் பயிற்சிக் கழகத்தின் சிறிய விமானங்கள் வட்டமடிப்பதைப் பார்க்கலாம். சுமத்ராவின் பெக்கான்பாருவுக்கு இங்கிருந்து பயணிகள் விமானமும் பறந்ததுண்டு. அது சுமார் 220 கிலோமீட்டர், ஏறியதும் இறங்க வேண்டியதுதான். திருச்சிக்குப் பறக்க ஓடுபாதை மட்டும் போதாது, இருக்கைகளை நிரப்ப ஆளும் வேண்டும். மலாக்கா, மூவார், தம்பின் மூன்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் வாரம் ஒரு விமானத்துக்காவது ஆள் சேர்வார்கள் என்றே நான் நம்புகிறேன்.

● 2,690 கிலோமீட்டருக்கு எதற்கு 4 மணி நேரம்? இந்த வழியில் அதிகம் பறக்கும் ஏர்பஸ் ஏ320 உயரத்துக்குப் போனபின் மணிக்கு ஏறக்குறைய 830 கிலோமீட்டர் வேகத்தில் போகும். வகுத்துப் பார்த்தால் 3 மணி 15 நிமிடம்தான் வருகிறது. மீதி எங்கே போயிற்று? டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் சக்கரம் தரையை விட்டு எழும்பும்போது தொடங்குவதில்லை. வாசலை விட்டு விமானம் நகரும் நொடியில் தொடங்கி, அந்தப் பக்கம் வாசலில் போய் நிற்கும் நொடியில் முடிகிறது. ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, மெல்ல ஏறுவது, மெல்ல இறங்குவது எல்லாம் அதற்குள் அடக்கம்.

● விமானிகள் தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்வதில்லை, கடல் மைலில் சொல்கிறார்கள். ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவை 360 பாகையாகப் பிரித்து, ஒவ்வொரு பாகையையும் 60 கலையாகப் பிரித்தால், ஒரு கலையின் நீளம்தான் அது. கே.எல்.ஐ.ஏ.வுக்கும் திருச்சிக்கும் நடுவே சுமார் 1,450 கடல் மைல், அதாவது 24 பாகைக்குச் சற்று அதிகம். உலகத்தைச் சுற்றிவரும் தூரத்தில் ஏறக்குறைய 15இல் ஒரு பங்கு.

● காலை 8 மணிக்குக் கிளம்பும் விமானம் 4 மணி நேரம் பறந்து இறங்கினால் திருச்சியில் மணி 9.30. அதே 4 மணி நேரம் பறந்து திரும்பும்போது, இரவு 10 மணிக்குக் கிளம்பியவர் இங்கே இறங்கும்போது மணி அதிகாலை 4.30. போகும்போது கடிகாரத்தில் ஒன்றரை மணி நேரம், வரும்போது ஆறரை மணி நேரம்! நமக்கும் இந்தியாவுக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம் இருப்பதால் வருவது இது. தஞ்சாவூரில் இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு 10 மணிக்கு அத்தை போன் போட்டால், ஜாசினில் மணி 12.30. அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

● இந்த வித்தியாசம் ஒரு காலத்தில் சரியாக 2 மணி நேரமாகத்தான் இருந்தது. 1981 டிசம்பர் 31ஆம் தேதி இரவு 11.30க்குத் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்களை 12 மணிக்குத் தள்ளி வைத்தார்கள். சபா, சரவாக்கின் நேரத்தோடு நாடு முழுவதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று செய்த ஏற்பாடு அது. சிங்கப்பூரும் கூடவே மாறிக்கொண்டது. 1982 புத்தாண்டு நமக்கு அரை மணி நேரம் முன்னதாகவே பிறந்துவிட்டது.

அதற்கும் முன்னால், ஜப்பான்காரன் காலத்தில், மலாயாவின் கடிகாரம் தோக்கியோ நேரத்தைக் காட்டியது. இன்றைய நேரத்தைவிட அது ஒரு மணி நேரம் கூடுதல். மலாக்காவில் அப்போது சூரியன் உதிக்கும்போது கடிகாரத்தில் 8 மணி தாண்டியிருக்கும்.

கடிகாரத்தை விட்டுவிட்டுச் சூரியனை மட்டும் கேட்டால் பதில் வேறு. மலாக்கா கிழக்கே 102 பாகைக்குச் சற்று மேல், திருச்சி 79க்குச் சற்றுக் கீழ். ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்று கணக்கு. நம் தலைக்கு மேல் வந்த சூரியன் திருச்சிக்காரர் தலைக்கு மேல் போய்ச் சேர 1 மணி 34 நிமிடம்தான் எடுத்துக்கொள்கிறது. கடிகாரம் காட்டும் வித்தியாசத்தில் மீதி 56 நிமிடம் அரசாங்கங்கள் வைத்த நேரம். அதனால்தான் மலாக்காவில் உச்சி வெயில் 12 மணிக்கு வராமல் 1 மணி தாண்டி வருகிறது. பொழுதும் 7 மணி வாக்கில்தான் விடிகிறது.

● இது வெறும் கணக்கு இல்லை, வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியிலும் இருக்கிறது. தமிழ்நாட்டில் அச்சடித்த பஞ்சாங்கத்தில் அமாவாசை இரவு 8.10 வரை என்று போட்டிருந்தால், இங்கே அது 10.40 வரை. திதியும் நட்சத்திரமும் உலகம் முழுவதும் ஒரே நொடியில்தான் மாறுகின்றன. நாம் இரண்டரை மணி நேரம் கூட்டிக்கொண்டால் போதும். (ஜப்பான்காரன் காலத்துக்குப் பின், 1982க்கு முந்திய பழைய பஞ்சாங்கம் வைத்து ஜாதகம் பார்ப்பவர்கள் 2 மணி நேரம்தான் கூட்ட வேண்டும். இதில் பலர் தவறிவிடுகிறார்கள்.)

ராகு காலத்துக்கு இந்தக் கூட்டல் பொருந்தாது. திங்கட்கிழமை 7.30 முதல் 9 வரை என்று நாம் மனப்பாடமாகச் சொல்வது, காலை 6 மணிக்குச் சூரியன் உதிக்கிறது என்று வைத்துப் போட்ட கணக்கு. பகலை எட்டாகப் பிரித்து இரண்டாவது பங்கு. மலாக்காவில் 7.10க்கு உதிக்கும் ஒரு நாளில் அந்த இரண்டாவது பங்கு 8.40க்குத் தொடங்கி 10.10 வாக்கில் முடியும். நம்பிக்கை உள்ளவர்கள், இருக்கும் ஊரின் உதயத்தை வைத்துப் பார்ப்பதுதான் முறை.

● நம் தாத்தா பாட்டிகளுக்கு இதே தூரம் ஏறக்குறைய ஒரு வாரம். சென்னையில் கிளம்பும் கப்பல் நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு, பினாங்கு, கிள்ளான் துறைமுகம் தொட்டு, சிங்கப்பூரில் பயணத்தை முடிக்கும். நாகப்பட்டினத்தில் கப்பல் கரையோரம் வந்து நிற்காது. கடலுக்குள் தள்ளி நங்கூரம் போட்டிருக்கும். படகில் போய்த்தான் ஏற வேண்டும். குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு, ஆடும் படகிலிருந்து ஆடும் கப்பலுக்கு ஏறிய பெண்களை நினைத்துப் பாருங்கள்.

இந்த வழியில் மிகப் பேர்போன கப்பல் ரஜூலா. 1926இல் கட்டியது, 1973 வரை இதே கடலில் ஓடியது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு! அதில் கப்பல் தளத்துப் பயணிகள் ஆயிரக்கணக்கில் பாய் விரித்துப் படுத்து வந்தார்கள். அதற்குப் பின் வந்தது எம்.வி. சிதம்பரம். 1985 பிப்ரவரியில் அந்தக் கப்பல் நடுக்கடலில் தீப்பற்றிப் பலர் இறந்தார்கள். அதோடு அதன் பயணிகள் ஓட்டமும் நின்றது.

டிக்கெட் யார் எடுத்தார்கள்? 1907இல் ஏற்படுத்திய குடியேற்ற நிதி ஒன்று இருந்தது. தோட்ட முதலாளிகள் தாங்கள் வேலைக்கு வைத்திருக்கும் ஆள் கணக்குப்படி அதில் பணம் கட்ட வேண்டும். அந்தப் பணத்திலிருந்து கப்பல் கட்டணம் போனது. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் முகாம்கள் இருந்தன. இங்கே வந்தபின் நேராகத் தோட்டத்துக்குப் போய்விடவும் முடியாது. தொற்றுநோய் இல்லை என்று தெரியும் வரை தனி முகாமில் வைத்திருப்பார்கள். பினாங்கில் இறங்கியவர்களுக்கு அது ஜெரெஜாக் தீவு. இந்திய அரசு 1938 ஜூன் 15 முதல் தொழிலாளர்களை இப்படிக் கூட்டிவருவதைத் தடை செய்தது. ஊரில் ஆள் சேர்த்துக் கூட்டிவந்த கங்காணிகளின் காலம் அத்தோடு முடிந்தது.

ஊரில் அம்மா இறந்துவிட்டார் என்று கடிதம் வந்தால், கடிதமே ஒரு வாரம் கப்பலில் வந்தது. முகம் பார்க்கப் போகலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. விமானப் பயணம் நமக்குக் கொடுத்தவற்றில் மிகப் பெரியது என்று நான் நினைப்பது, காலையில் செய்தி கேட்டு மாலைக்குள் போய்ச் சேரலாம் என்ற இந்த ஒன்றைத்தான்.

● கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு உலக உருண்டையில் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் மலாக்கா நீரிணையைக் கடந்து, சுமத்ராவின் வடமுனையில் ஆச்சே மேல் ஏறி, வங்கக் கடலைத் தாண்டி, வேதாரண்யம் பக்கத்தில் தமிழ்நாட்டுக் கரையைத் தொடும். நாகப்பட்டினம் அதற்கு வடக்கே 40 கிலோமீட்டர்தான். கப்பலேறிய கரைக்கு அருகிலேயேதான் விமானத்தின் குறுக்குவழியும் போகிறது. வானிலையையும் வான்வழி ஒழுங்கையும் பார்த்து விமானி வழியைச் சற்று மாற்றலாம். ஆனாலும் போகும்போது வலப்பக்கச் சன்னல், வரும்போது இடப்பக்கச் சன்னல் கிடைத்தால், பகல் நேரத்தில் மேகமும் இல்லாவிட்டால், அந்தக் கடற்கரையைக் கண்ணால் பார்க்க வாய்ப்பு உண்டு.

இதே வழியில் ஒரு முறை வேறொன்றும் பாய்ந்தது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. ஆச்சேக்கு அப்பால் கடலடியில் நிலம் நடுங்கியபோது நம் கடிகாரத்தில் காலை 8.58, தமிழ்நாட்டில் 6.28. ஏறக்குறைய இரண்டரை மணி நேரத்தில் ஆழிப்பேரலை தமிழ்நாட்டுக் கரையில் ஏறிவிட்டது. ஆழ்கடலில் அலையின் வேகம் நீரின் ஆழத்தைப் பொறுத்தது: 4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். விமான வேகத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

தூரத்தில் இருந்த நாகப்பட்டினத்துக்கு இரண்டரை மணி நேரத்தில் போன அலை, பக்கத்தில் இருக்கும் பினாங்குக்கு வர 4 மணி நேரத்துக்கும் மேல் எடுத்துக்கொண்டது. மதியம் 1 மணி தாண்டித்தான் வந்தது. காரணம், நீரிணையில் ஆழம் குறைவு. 80 மீட்டர் ஆழத்தில் அலை மணிக்கு 100 கிலோமீட்டர்தான் ஓடும். நீரிணைக்குள் இன்னும் தெற்கே ஒதுங்கிக் கிடக்கும் மலாக்கா அன்று தப்பித்தது. எச்சரிக்கை மணி ஒன்று அடித்திருந்தால் பினாங்கிலும் கெடாவிலும் போன உயிர்களைக் காப்பாற்ற நேரம் இருந்திருக்கிறது என்பதை நினைத்தால் இன்றும் வலிக்கிறது.

● பாய்மரக் காலத்தில் பயண நேரத்தைத் தூரம் முடிவு செய்யவில்லை, காற்று முடிவு செய்தது. சோழமண்டலக் கரையிலிருந்து தென்மேற்குக் காற்றில் வருவார்கள். வடகிழக்குக் காற்று பிறந்ததும் திரும்புவார்கள். கடலில் சில வாரம், கரையில் பல மாதம். 1511இல் போர்த்துக்கீசியர் வருவதற்கு முன்பே மலாக்காவில் தமிழ் வணிகர்கள் இப்படித் தங்கி, இங்குள்ள பெண்களை மணந்து குடும்பமானார்கள். அந்த வழியில் வந்தவர்கள்தான் இன்றைய மலாக்கா செட்டிகள். காஜா பெராங்கில் இன்றும் அவர்கள் கிராமம் இருக்கிறது. தங்க ஆசாரிகள் தெருவில் 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயிலும் அவர்களுடையது. அன்றைக்கே 4 மணி நேர விமானம் இருந்திருந்தால் அந்தச் சமூகமே உருவாகியிருக்காது.

● பால்மரமும் பயணம் செய்துதான் வந்தது. 1876இல் பிரேசிலிலிருந்து ஹென்றி விக்ஹாம் சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோனார். ரப்பர் விதை சில வாரங்களில் முளைக்கும் திறனை இழந்துவிடும். அவசர அவசரமாகக் கொண்டுபோயும், முளைத்தவை நூற்றுக்கு 4 கூட இல்லை. அடுத்த ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. 1896இல் டான் சே யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் வணிகத்துக்காக ரப்பர் பயிரிட்டார். பிறகு புக்கிட் அசஹானில் பெரிய தோட்டமே எழுந்தது. நம்மவர்களைக் கடல் தாண்டிக் கூட்டிவந்த பயிருக்கு மலாயாவில் தொடக்கம் நம் மாநிலம்தான்.

● தம்பினிலிருந்து மலாக்கா நகரத்துக்கு 1905 முதல் ரயில் ஓடியது. நீளம் 30 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். கிள்ளானில் கப்பல் இறங்கியவர் ரயிலிலேயே மலாக்கா வரை வந்துவிடலாம். ஜப்பானியர் அந்தத் தண்டவாளத்தைப் பெயர்த்து சயாம்-பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். தண்டவாளத்தோடு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களையும் கொண்டுபோனார்கள். சரக்குப் பெட்டிகளில் அடைத்து நாள்கணக்கில் வடக்கே ஓட்டினார்கள். 415 கிலோமீட்டர்ப் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. திரும்பி வராதவர்கள் ஏராளம். மலாக்கா நகரத்துக்கு அந்த ரயிலும் திரும்ப வரவேயில்லை; இன்றும் ரயில் ஏற நாம் புலாவ் செபாங் போக வேண்டியிருக்கிறது.

● சென்னையின் பெயர் 1996இல் மாறியது. ஆனால் உங்கள் பெட்டியில் ஒட்டும் சீட்டில் இன்னும் எம்.ஏ.ஏ. என்றுதான் இருக்கும், மெட்ராஸ் காலத்துக் குறியீடு. திருச்சிக்கு டி.ஆர்.இஸட். மலாக்காவுக்கு எம்.கே.இஸட்.

● கோலாலம்பூரிலிருந்து சென்னைக்குச் சுமார் 2,630 கிலோமீட்டர். திருச்சியைவிட 60 கிலோமீட்டர் கிட்டம். ஆனாலும் தஞ்சை, புதுக்கோட்டை, பெரம்பலூர்க்காரர்களுக்குச் சென்னையில் இறங்கினால் பிறகு இரவெல்லாம் பஸ். ஏர் ஏசியா இந்தியாவுக்கு முதன்முதலில் பறக்கத் தொடங்கியபோது டில்லியையோ மும்பையையோ தேர்ந்தெடுக்கவில்லை. 2008 டிசம்பர் 1ஆம் தேதி திருச்சியில்தான் இறங்கியது. தோட்டத்துப் பாட்டிமார்களின் ஊர்ப்பெயர்கள் தெரிந்த யாருக்கும் அதில் வியப்பிருக்காது.

● உலகிலேயே மிக நீண்ட பயணிகள் விமானச் சேவைகளில் ஒன்று நமக்குப் பக்கத்திலிருந்தே கிளம்புகிறது. சிங்கப்பூர் சாங்கியிலிருந்து நியூயார்க்குக்கு 15,000 கிலோமீட்டருக்கு மேல். 18 மணி நேரத்துக்கும் அதிகம், நடுவில் எங்கும் இறங்காமல்.

● ஆடி மாதத்தில் திருச்சிக்குப் போகும் விமானம் சில சமயம் குறித்த நேரத்துக்கு முன்பே இறங்கிவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவுக்கு மேலே, மிக உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காக ஒரு பெருங்காற்று ஓடுகிறது. 1958இல் அதை ஆராய்ந்து உலகுக்குச் சொன்னவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோடீஸ்வரம். கீழே தென்மேற்குக் காற்று ஒரு பக்கம் வீச, மேலே இது நேர் எதிராக ஓடும். அதன் வேகம் உச்சத்தில் இருப்பது 14, 15 கிலோமீட்டர் உயரத்தில். விமானம் பறக்கும் 10, 11 கிலோமீட்டரிலும் அதன் இழுப்பு தெரியும். மணிக்கு 50 கிலோமீட்டர் காற்று பின்னாலிருந்து தள்ளினால் திருச்சிப் பயணத்தில் 11 நிமிடம் மிச்சம். அதே காற்று எதிரே வந்தால் 12 நிமிடத்துக்கு மேல் கூடும். ஆகவே ஆடிப்பெருக்குக்கு ஊருக்குப் போய்த் திரும்புகிறவர்களை அழைத்துவரச் சிப்பாங் போகிறவர்கள், விமானம் சற்றுத் தாமதமானால் கவலைப்பட வேண்டாம்.